லேபிளுக்குள் மூன்று பெட்டிகள்

பைதானில் ஒரு சாளரத்தைத் திறந்து அதில் ஒரு வரியைக் காட்டுவது சில நிமிட வேலை. அந்த வரி வலப்பக்கம் ஒட்டி நிற்க வேண்டும், நீண்டால் மடிந்து கீழே இறங்க வேண்டும், நொடிக்கொரு தரம் மாறினாலும் பக்கத்திலுள்ள பொத்தானைத் தள்ளக் கூடாது, தமிழாக இருந்தால் கொம்பும் காலும் இடம் மாறாமல் வர வேண்டும் என்று கேட்கும்போதுதான் பொழுது கரைகிறது. இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் பிறக்கின்றன. அந்த வரியைத் தாங்கி நிற்கும் லேபிளை நாம் ஒரு பெட்டியாக நினைத்துக்கொள்கிறோம். அங்கே ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பெட்டிகள் இருக்கின்றன.

சாளரங்கள் அமைப்பதற்காகப் பைதானோடு சேர்ந்தே வரும் டிகின்டரை வைத்து இதைச் சொல்கிறேன். அதற்கு அடியில் இருப்பது டிகே. டிசிஎல் மொழிக்காக ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கிய பழைய கருவித்தொகுதி அது. டிகின்டரில் இரண்டு லேபிள்கள் உண்டு. ஒன்று தொடக்கத்திலிருந்தே இருக்கும் டிகே லேபிள்; மற்றொன்று 2007இல் வெளிவந்த டிகே 8.5 கொண்டுவந்த டிடிகே லேபிள். இரண்டும் ஒரே பெயரில் அழைக்கப்படுவதால், இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டை அப்படியே ஒட்டும் முன் அது எந்த லேபிளைப் பற்றியது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

உருவாக்குவதும் வைப்பதும் வேறு வேறு

லேபிள், பொத்தான் போன்ற திரை உறுப்புகளை விட்ஜெட் என்பார்கள். லேபிளை உருவாக்கும்போது முதலில் அதைத் தாங்கும் தாய் விட்ஜெட்டைத் தருகிறோம், அது சாளரமாகவோ, பிறவற்றை உள்ளே வைக்கும் ஃபிரேமாகவோ இருக்கலாம். அடுத்து 'டெக்ஸ்ட்' என்ற அமைப்பில் எழுத்தைத் தருகிறோம். இத்தோடு லேபிள் பிறந்துவிட்டது. ஆனால் திரைக்கு வரவில்லை. பேக், கிரிட், பிளேஸ் ஆகிய மூன்று இட மேலாளர்களில் ஒன்றை அழைத்தால்தான் அதற்கு இடம் கிடைக்கும். அழைக்க மறந்தால் எந்தப் பிழைச்செய்தியும் வராது, லேபிள் மட்டும் தெரியாது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, உருவாக்குவதையும் பேக் செய்வதையும் ஒரே வரியில் புள்ளி வைத்துச் சேர்த்து எழுதி, விளைவை ஒரு மாறியில் போட்டுவைப்பது. பேக் எதையும் திருப்பித் தராது. ஆகவே மாறியில் லேபிளுக்குப் பதில், ஒன்றுமில்லை என்று பொருள்படும் 'நன்' உட்கார்ந்திருக்கும். சாளரத்தில் லேபிள் அழகாகத் தெரிவதால் ஐயமே வராது. பின்னால் எழுத்தை மாற்ற 'கான்ஃபிக்' என்று கூப்பிடும்போதுதான், நன்-டைப்பில் அப்படி ஒரு பண்பே இல்லை என்று நிரல் நின்றுபோகும். பிழை காட்டும் வரி ஒன்று, தவறு இருக்கும் வரி வேறொன்று. ஒரு வரியில் உருவாக்குங்கள், அடுத்த வரியில் வையுங்கள்.

ஒரே தாய்க்குள் பேக்கையும் கிரிட்டையும் கலக்கவும் கூடாது. டிகே 8.6 இதைப் பிழையாகச் சொல்லி நிறுத்திவிடுகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் இரண்டு மேலாளர்களும் மாறி மாறி அளவைத் திருத்திக்கொண்டே இருக்க, நிரல் அப்படியே உறைந்துவிடும். கலந்துதான் ஆக வேண்டும் என்றால் தனித்தனி ஃபிரேம்களுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

மூன்று பெட்டிகள்

நடுவில் இருப்பது எழுத்துப் பெட்டி: வரிகள் எல்லாம் சேர்ந்து அடைக்கும் செவ்வகம். அதைச் சுற்றி லேபிள் பெட்டி: பின்னணி நிறம் பூசப்படும் பகுதி. அதற்கும் வெளியே அறை: பேக்கோ கிரிட்டோ இந்த லேபிளுக்கென ஒதுக்கிய இடம். அறை பெரிதாக இருப்பதாலேயே லேபிள் அதை நிரப்பிவிடாது. கிரிட்டில் ஒன்றும் சொல்லாவிட்டால் லேபிள் தன் அளவிலேயே அறையின் நடுவில் நிற்கும்.

'ஜஸ்டிஃபை' எழுத்துப் பெட்டிக்கு உள்ளே நடப்பது. பல வரிகள் இருக்கும்போது அவை ஒன்றுக்கொன்று இடப்பக்கம் ஒட்டுமா, நடுவில் வருமா, வலப்பக்கமா என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. ஒற்றை வரி லேபிளில் அதை மாற்றினால் ஒன்றும் நடக்காது. 'ஆங்கர்' என்பது லேபிள் பெட்டிக்குள் எழுத்துப் பெட்டி எங்கே நிற்க வேண்டும் என்பது. திசைகளின் முதலெழுத்துகளால் அதைச் சொல்கிறோம். மேற்கு என்றால் இடது, கிழக்கு என்றால் வலது. மூன்றாவது, அறைக்குள் லேபிள் எங்கே நிற்கும், எவ்வளவு நீளும் என்பது. கிரிட்டில் 'ஸ்டிக்கி', பேக்கில் 'ஃபில்' ஆகியவை அதைப் பார்த்துக்கொள்கின்றன.

இப்போது ஒரு வழக்கமான புலம்பலை எடுத்துக்கொள்வோம்: "ஆங்கரைக் கிழக்கு என்று வைத்தேன், எழுத்து வலப்பக்கம் போகவே இல்லை." காரணம் எளிது. அகலம் எதுவும் தராத லேபிள் தன் எழுத்தின் அளவுக்கே சுருங்கியிருக்கும். எழுத்துப் பெட்டியும் லேபிள் பெட்டியும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் ஆங்கர் எங்கே நகர்த்தும்? லேபிள் கிழக்கு-மேற்காக நீளும்படி ஸ்டிக்கி கொடுத்து, அது நிற்கும் நெடுவரிசைக்குக் 'காலம்கான்ஃபிகர்' வழியாக எடை 1 என்று சொன்னால் லேபிள் அகலமாகும். அதன் பிறகு ஆங்கர் வேலை செய்யும்.

எடை தருவதுதான் பலர் விட்டுவிடும் பகுதி. எடை 0 என்பதே இயல்பு. அந்த நிலையில் சாளரத்தை எவ்வளவு இழுத்தாலும் நெடுவரிசை வளராது, மிச்ச இடம் வெறுமையாகக் கிடக்கும். தாய் ஃபிரேமே வளராமல் இருந்தாலும் இதே விளைவுதான். ஆகவே சாளரத்திலிருந்து லேபிள் வரை ஒவ்வொரு படியாகச் சரிபார்க்க வேண்டும்.

எந்தப் பெட்டி எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. லேபிளுக்கு வெளிர் மஞ்சளும் தாய் ஃபிரேமுக்கு வெளிர் நீலமும் பின்னணியாகக் கொடுத்து ஓட்டுங்கள். மஞ்சள் எழுத்தை ஒட்டியே முடிந்து பக்கத்தில் நீலம் தெரிந்தால் பிழை ஸ்டிக்கியிலோ எடையிலோ இருக்கிறது. மஞ்சள் முழு அகலமும் பரவியும் எழுத்து நடுவில் நின்றால் ஆங்கரைப் பாருங்கள். மஞ்சள் எழுத்தை ஒட்டியே முடிந்தும் நீலமே தெரியவில்லை என்றால் ஃபிரேம்தான் வளரவில்லை. அரைமணி நேரம் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட இந்த இரண்டு நிறங்கள் விரைவாகப் பதில் சொல்லும்.

டிகே லேபிளில் ஆங்கரும் ஜஸ்டிஃபையும் இயல்பாகவே நடு. டிடிகே லேபிளில் எழுத்து இடப்பக்கமாக நிற்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது படிவத்தின் தோற்றம் குலைவதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம். இரண்டையும் எப்போதும் வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது.

அகலம் ஓர் அலகில், மடிப்பு வேறோர் அலகில்

டிகேயின் மிகக் குழப்பமான முடிவு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அகலத்துக்கான 'வித்' என்பதற்குக் கொடுக்கும் எண் எழுத்துகளின் எண்ணிக்கை. உயரத்துக்கான 'ஹைட்' வரிகளின் எண்ணிக்கை. எந்த நீளத்தில் வரி மடியும் என்று சொல்லும் 'ரேப்லெங்த்' மட்டும் பிக்சல். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்படுபவை. நாற்பது எழுத்துக்கு ஒரு முறை மடியட்டும் என்று நினைத்து ரேப்லெங்த்துக்கு 40 கொடுத்தால், 40 பிக்சலுக்குள் ஒரு சொல்லே அடங்காமல் பத்தி ஒரு நெடும் தூணாக நிற்கும். அங்கே 300, 400 என்ற அளவில் யோசிக்க வேண்டும். இயல்பு மதிப்பு 0; அதாவது நீங்களே இடும் வரிமுறிவைத் தவிர வேறெங்கும் மடியாது.

அதே டிகே லேபிளில் படம் வைத்தால் வித்தும் ஹைட்டும் பிக்சலாக மாறிவிடும். படத்துக்காக 200 என்று எழுதியிருந்து, படம் ஏற்றப்படாமல் போனால் அந்த 200 எழுத்துகளாகக் கணக்கிடப்பட்டு சாளரம் திரையைத் தாண்டிப் போகும்.

வித்தில் வரும் 'எழுத்து' என்பது அந்த எழுத்துருவில் 0 என்ற இலக்கத்தின் அகலம். தமிழுக்கு இது கொஞ்சமும் பொருந்தாது. 'ணை', 'ஞௌ' போன்றவை 0வைவிடப் பல மடங்கு அகலம். வித் 20 என்றால் இருபது தமிழ் எழுத்துகள் அடங்கும் என்று எண்ண வேண்டாம். உண்மையான நீளம் வேண்டுமென்றால் டிகின்டரின் ஃபான்ட் பொருளில் 'மெஷர்' என்ற செயல் இருக்கிறது. எழுத்தைக் கொடுத்தால் பிக்சல் கணக்கைத் தரும். மொழிபெயர்க்கப்படும் செயலிகளில் எல்லா மொழியின் சொற்களையும் அதன் வழியாக அளந்து, அதிலே பெரியதை 'காலம்கான்ஃபிகர்' தரும் குறைந்தபட்ச அளவாக வைப்பது திடமான வழி.

வித் தந்த பிறகு எழுத்து அதைவிட நீண்டால், டிகே லேபிள் மூன்று புள்ளி எல்லாம் போடாது, வெட்டிவிடும். ஆங்கர் நடுவில் இருந்தால் இரு முனையும் போகும், மேற்கில் இருந்தால் வால் மட்டும் போகும். கோப்புப் பாதை போன்றவற்றில் முனைதான் முக்கியம் என்பதால் கிழக்கு ஆங்கர் பொருத்தமானது.

டிடிகே லேபிளில் வித்துக்கு எதிர்ம எண்ணும் கொடுக்கலாம். 12 என்றால் அகலம் 12. எதிர்ம 12 என்றால் குறைந்தது 12, எழுத்து நீண்டால் லேபிளும் நீளும். படிவத்தின் இடப்பக்கத் தலைப்புகளுக்கு இது மிக உதவும்.

சாளரம் விரியும்போது பத்தியும் விரிந்து மடிய வேண்டுமென்றால் அளவு மாறும்போது எழும் லேபிளின் 'கான்ஃபிகர்' நிகழ்வைப் பிடித்து, அதில் வரும் அகலத்தை ரேப்லெங்த்தாக வைக்க வேண்டும். இதில் இரண்டு கண்ணிகள் உள்ளன. லேபிள் அறையை நிரப்பும்படி ஸ்டிக்கியோ ஃபில்லோ தராவிட்டால், லேபிளின் அகலம் எழுத்தைப் பொறுத்தது, எழுத்தின் மடிப்பு லேபிளின் அகலத்தைப் பொறுத்தது என்று ஒரு சுற்று உண்டாகும். ஒருமுறை சுருங்கிய பத்தி பிறகு விரியவே விரியாது. இரண்டாவது, நிகழ்வில் வரும் அகலத்தில் உள்விளிம்பும் சேர்ந்திருக்கிறது. அதை அப்படியே வைத்தால் லேபிள் கேட்கும் இடம் கிடைத்த இடத்தைவிடச் சற்றே அதிகமாகி, சாளரம் மெல்ல மெல்ல வீங்கலாம். இருபுற விளிம்பையும் கழித்துவிட்டு வையுங்கள். சாளரத்துக்கும் 'ஜியாமெட்ரி' வழியாக 480க்கு 320 என்பதுபோல ஒரு நிலையான தொடக்க அளவைக் கொடுத்துவிடுங்கள்.

அதிக அடர்த்தித் திரைகளில் பிக்சல் கணக்கு சுருங்கித் தெரியும். ரேப்லெங்த்தை வெறும் எண்ணாகத் தராமல், எண்ணுக்குப் பின் புள்ளியளவைக் குறிக்கும் 'பி' என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்து சரமாகத் தந்தால் எழுத்துருவோடு சேர்ந்தே அதுவும் வளரும். சென்டிமீட்டருக்கும் அங்குலத்துக்கும்கூட இப்படி எழுத்துகள் உண்டு.

மாறும் எழுத்து

எழுத்தை மாற்ற இரண்டு வழி. 'கான்ஃபிக்' மூலம் புது டெக்ஸ்டைக் கொடுப்பது ஒன்று. 'டெக்ஸ்ட்வேரியபிள்' வழியாக ஸ்ட்ரிங்வார் என்ற டிகின்டர் மாறியைக் கட்டிவைத்து அதன் மதிப்பை மாற்றுவது மற்றொன்று. ஒரே மதிப்பு பல இடங்களில் தெரிய வேண்டுமென்றால் இரண்டாவது வழி. மற்றபடி முதல் வழியே போதும், குழப்பமும் குறைவு. இரண்டையும் ஒரே லேபிளில் சேர்க்க வேண்டாம்.

ஸ்ட்ரிங்வாரை ஒரு செயற்கூறுக்குள் உருவாக்கி விட்டுவிட்டால், செயற்கூறு முடிந்ததும் பைதான் அதைக் குப்பையாகச் சேர்த்துவிடும். டிடிகே லேபிள் வெறுமையாகிவிடும். வகுப்பின் பண்பாக வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்கும் இதே விதி, இன்னும் கடுமையாக. ஃபோட்டோஇமேஜைக் குறிக்கும் மாறி அழிந்தால் லேபிளில் படம் இருந்த இடம் அதே அளவில் வெற்றிடமாக நிற்கும், பிழைச்செய்தி இருக்காது. லேபிளிலேயே 'இமேஜ்' என்று ஒரு பண்பைச் சேர்த்து அதில் படத்தைப் பிடித்துவைப்பது பலரும் கையாளும் வழி. படமும் எழுத்தும் சேர்ந்து தெரிய 'காம்பவுண்ட்' அமைப்பில் இடது, மேல் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் படம் மட்டுமே தெரியும்.

கடிகாரம் போலத் தானாக மாறும் லேபிளுக்கு 'ஸ்லீப்' போட்டுச் சுற்றினால் சாளரம் உறைந்துவிடும். சாளரத்தை இயக்கிக்கொண்டிருக்கும் மெயின்லூப்புக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தால்தான் திரை புதுப்பிக்கப்படும். அதற்குத்தான் 'ஆஃப்டர்' இருக்கிறது: மில்லிநொடியையும் செயற்கூறின் பெயரையும் தர வேண்டும். பெயருக்குப் பின் அடைப்புக்குறி போட்டுவிட்டால் செயற்கூறு அந்தக் கணமே ஓடும். அது தன்னையே மீண்டும் ஆஃப்டரில் கூப்பிடும் செயற்கூறாக இருந்தால், தன்னைத்தானே அழைத்து அழைத்து எல்லை மீறி விழும். 1000 மில்லிநொடி என்பதும் குறைந்தபட்சக் காத்திருப்பு மட்டுமே. ஒவ்வொரு சுற்றிலும் சில மில்லிநொடி கூடி, எப்போதாவது ஒரு நொடி தாண்டிப்போகும். 200 மில்லிநொடிக்கு ஒருமுறை நேரத்தைப் பார்த்து, மாறியிருந்தால் மட்டும் லேபிளை மாற்றுவது சீராக இருக்கும். அதோடு வித் 8 என்று கட்டிவைத்தால் பக்கத்து விட்ஜெட்டுகள் ஆடாது.

பின்னணி இழையிலிருந்து லேபிளை நேரடியாகத் தொட வேண்டாம். இழை தன் செய்தியை ஒரு க்யூவில், அதாவது வரிசையில், போடட்டும். முதன்மை இழை ஆஃப்டர் மூலம் அவ்வப்போது எடுத்து எழுதட்டும்.

எழுத்துருவும் தமிழும்

எழுத்துருவை ஒரே சரமாக, பெயரும் அளவும் சேர்த்து எழுதினால் 'நோட்டோ சான்ஸ் தமிழ்' போன்ற பல சொல் பெயர்களில் சிக்கும். இரண்டாம் சொல்லை டிகே அளவு என்று எடுத்துக்கொண்டு, முழு எண் எதிர்பார்த்தேன், 'சான்ஸ்' வந்தது என்று சொல்லும். பெயரைத் தனியாகவும் அளவைத் தனியாகவும் ஒரு டியூப்பிளில் தர வேண்டும். அளவு நேர்ம எண்ணாக இருந்தால் புள்ளி. எதிர்மமாக இருந்தால் பிக்சல். பெயரைத் தவறாக எழுதினால் டிகே வாய் திறக்காது, வேறொரு எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். எது கிடைத்தது என்று அறிய ஃபான்ட் பொருளின் 'ஆக்சுவல்' செயலைக் கேளுங்கள்.

தமிழுக்கு விண்டோஸில் நிர்மலா யுஐ, பழைய பதிப்புகளில் லதா. மேக்கில் தமிழ் சங்கம் எம்என், இணைமதி. லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ். தமிழ் எழுத்துருவை வெளிப்படையாகப் பெயர் சொல்லித் தருவது முக்கியம். தராவிட்டால் முதன்மை எழுத்துருவின் உயரத்தையே வரியின் உயரமாக வைத்துக்கொண்டு, தமிழ் வடிவங்களை மட்டும் வேறொன்றிலிருந்து டிகே எடுக்கும். அப்போது மேலே புள்ளியும் கீழே 'கூ', 'ழு' போன்றவற்றின் வளைவும் வெட்டுப்படலாம்.

லினக்ஸில் இதைவிடப் பெரிய தடை இருக்கிறது. டிகே 8.6 அங்கே எக்ஸ்எஃப்டி என்ற எழுத்துரு நூலகம் வழியாக ஒவ்வொரு குறியீட்டுப்புள்ளியையும் வந்த வரிசையிலேயே வரைகிறது. எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் படி அதில் இல்லை. யூனிகோடில் 'கெ' என்பது ககரம் முதலிலும் கொம்பு பின்னாலும் சேமிக்கப்படுவதால், திரையிலும் கொம்பு ககரத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கும். 'கு' உகர வடிவம் பெறாமல் பிரிந்து கிடக்கும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, குறை எழுத்துருவில் இல்லை. விண்டோஸிலும் மேக்கிலும் இயங்குதளமே வடிவமைப்பைச் செய்து தருவதால் அங்கே சரியாக வரும். விண்டோஸில் மட்டும் சோதித்துவிட்டு லினக்ஸ் கணினிகள் உள்ள பள்ளிக்கு ஒரு செயலியைக் கொடுத்தால் பிள்ளைகள் படிக்க முடியாத தமிழைத்தான் பார்ப்பார்கள்.

டிகின்டரிலேயே இருந்தாக வேண்டுமென்றால் படங்களைக் கையாளும் பில்லோ நூலகத்தால் எழுத்தைப் படமாக வரைந்து லேபிளில் வைக்கலாம். அதற்கு பில்லோவில் 'ராக்ம்' வடிவமைப்பு இயந்திரம் இருக்க வேண்டும். பில்லோவின் 'ஃபீச்சர்ஸ்' தொகுதியில் 'செக்' செயலால் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். தலைப்புக்கும் நாலைந்து சொற்களுக்கும் இது சரிப்படும். முழுப் பத்திகளுக்கு ஏற்றதல்ல.

நீண்ட தமிழ்ச் சொற்றொடரை நீங்களே வெட்டிச் சுருக்கும்போதும் கவனம் தேவை. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, பைதானின் 'லென்' கணக்கில் 5. 'சென்னை'யை முதல் மூன்றோடு வெட்டினால் 'சென' என்று புள்ளி இழந்து நிற்கும். பைதானோடு வரும் 'ரீ' தொகுதி இதற்கு உதவாது. தனியாக நிறுவும் 'ரெஜெக்ஸ்' தொகுதியில் பெரிய எக்ஸ் குறி முழு எழுத்தாகப் பிரித்துத் தரும். ஒகர வரிசை கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் வரலாம், ஒரே குறியீடாகவும் வரலாம் என்பதால், அதற்கு முன் 'யூனிகோட்டேட்டா' தொகுதியால் என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். துணைக்குறிப்புகளை வெளிர் சாம்பலில் போடும் பழக்கம் பரவிவிட்டது. வெள்ளைப் பின்னணியில் 999999 என்ற நிறக்குறியீடு உள்ள சாம்பலின் மாறுபாடு 3:1கூட இல்லை. சாதாரண அளவு எழுத்துக்கு டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டி கேட்பது 4.5:1. 767676 அந்த எல்லையை ஒட்டி மேலே நிற்கிறது. அதைவிட வெளுக்க வேண்டாம். தமிழின் சுழிகளும் புள்ளிகளும் சிறியவை, வெளிர் நிறத்தில் அவைதான் முதலில் மறையும். டிடிகே லேபிளில் நிறத்தைக் குறிக்க 'பிஜி', 'எஃப்ஜி' என்ற சுருக்கங்கள் செல்லாது. 'பேக்கிரவுண்ட்', 'ஃபோர்கிரவுண்ட்' என்று முழுதாக எழுத வேண்டும். ஹைட்டும் அங்கே இல்லை. உள்விளிம்பைச் சொல்லும் பேட்எக்ஸ், பேட்ஒய் இரண்டுக்கும் பதில் 'பேடிங்' என்று ஒன்று.

லினக்ஸில் தமிழ்ப் பத்திகளைக் காட்டியே ஆக வேண்டும் என்ற நிலையில் கியூட்டி என்ற வேறொரு கருவித்தொகுதிக்கு மாறுவதே என் பரிந்துரை. அதைப் பைதானுக்குத் தரும் பைசைடு வழியாக வரும் கியூலேபிள், ஹார்ஃப்பஸ் என்ற வடிவமைப்பு இயந்திரத்தைக் கொண்டு எழுத்துகளைச் சேர்க்கிறது, கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். மடிப்புக்கு 'செட்வேர்ட்ரேப்' ஒன்றை இயக்கினால் போதும், சாளரம் விரிவதைத் தானே பார்த்துக்கொள்ளும். மூன்று பெட்டிகள் அங்கேயும் உண்டு. 'செட்அலைன்மென்ட்' லேபிளுக்குள் எழுத்தின் இடம், லேஅவுட்டில் சேர்க்கும்போது தரும் அலைன்மென்ட் அறைக்குள் லேபிளின் இடம். கியூலேபிளில் வேறொரு கவனம் வேண்டும். அது எழுத்தைப் பார்த்து எச்டிஎம்எல்லா இல்லையா என்று தானே ஊகிக்கும். பயனர் தட்டிய பெயரையோ கோப்பின் உள்ளடக்கத்தையோ காட்டுகிற லேபிளில் 'செட்டெக்ஸ்ட்ஃபார்மேட்' மூலம் 'பிளெயின்டெக்ஸ்ட்' என்று கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கோண அடைப்புக்குறிக்குள் ஒருவர் எழுதிய சொல் குறிச்சொல்லாக எடுத்துக்கொள்ளப்பட்டு திரையில் காணாமல் போகும்.